திரும்பி வந்த இசைத்தட்டு

கடையில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பதென்றால் நம் முன்னோர்க்குக் கூச்சம் மிகுதி. ஒரு சேலையையோ செம்பையோ திருப்பிக் கொடுக்க நேர்ந்தால், வீட்டுப் பெரியவர் ஒருவர் உடன் சென்று, காரணம் கூறி, அதற்கு ஈடாக வேறொன்றை வாங்கி வருவார். இன்று அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெருகியுள்ள இணைய வணிகத்தில் அந்தக் கூச்சத்திற்கு இடமில்லை. பொருள் வீடு தேடி வருகிறது. பிடிக்கவில்லையெனில் வந்த பெட்டியிலேயே திரும்பிச் செல்கிறது. அவ்வாறு திரும்பிச் சென்ற பொருள் பின்னர் என்ன ஆகிறது? அதனைப் புதியதென்று மீண்டும் விற்க இயலாது. தூக்கி எறியவும் மனம் வராது. ஆகவே விலையைக் குறைத்து, ‘திரும்பி வந்தது’ என்று அறிவித்து விற்கின்றனர். இவ்வாறு விலை குறைந்து விற்கும் பொருள்களுள் ஒன்றைப் பற்றி இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன். அப்பொருள் இசைத்தட்டு.

‘இசைத்தட்டா? அது எங்கள் தாத்தா காலத்துப் பொருளாயிற்றே!’ என்று மாணவருள் சிலர் நகைக்கக்கூடும். நகைக்க வேண்டா. 2022-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் விற்ற இசைத்தட்டுகள் ஏறத்தாழ 4 கோடியே 10 லட்சம். அதே ஆண்டில் விற்ற குறுந்தகடுகளோ 3 கோடியே 30 லட்சம்தான். 1987-க்குப் பின்னர் எண்ணிக்கையில் இசைத்தட்டு குறுந்தகட்டை வென்றது அவ்வாண்டில்தான். வாங்குவோருள் இளைஞர் பலர். கைப்பேசியில் காசின்றிக் கேட்கக்கூடிய பாட்டையே 25, 30, சில வேளை 40 டாலர் கொடுத்துத் தட்டாக வாங்குகின்றனர். ஏன் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் கூறுவர். அதனை ஆராய்வது இன்று நம் வேலையன்று. விலை அதிகம் என்பது மட்டும் நம் பேச்சிற்குப் போதும். விலை அதிகமாயிருப்பதனாலேயே, குறைந்த விலைக்குக் கிடைக்கும் திரும்பி வந்த தட்டின்மீது மாணவர்க்கு நாட்டம் பிறக்கிறது. அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பயிலும் நம் பிள்ளைகளும் இந்த நாட்டத்திற்கு விலக்கல்லர்.

முதலில் இசைத்தட்டு என்பது யாது என்று சற்றே தெளிவுபடுத்திக் கொள்வோம். பழைய கிராமபோன் தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழல்வது. ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடங்களுக்கு மேல் இசை கொள்ளாது. அதனைச் செய்வதற்கு இன்றியமையாத பொருள் அரக்கு. அவ்வரக்கு பெரும்பாலும் நம் இந்திய நாட்டிலிருந்தே கப்பலேறிச் சென்றது. இரண்டாம் உலகப் போரின்போது அரக்கு வரத்துச் சுருங்கவே, மேலை நாட்டார் வேறு பொருள் தேடினர். பாலிவினைல் குளோரைடு என்னும் செயற்கைப் பொருள் பயன்பாட்டிற்கு வந்தது. 1948-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் 12 அங்குல அகலமுள்ள நெடுந்தட்டை வெளியிட்டது. நிமிடத்திற்கு 33⅓ சுற்று. ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் இசை. இன்று இளைஞர் விரும்பி வாங்கும் ‘எல்.பி.’ அதுதான்.

அத்தட்டின் மேற்பரப்பை உற்று நோக்கினால் வட்டம் வட்டமாகப் பல கோடுகள் தோன்றும். உண்மையில் அவை பல அல்ல. உழவன் ஏர் ஓட்டிய சால் போன்று, வெளி விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சுருண்டு செல்லும் ஒரே சால்தான் அது. அதனை நேராக நீட்டினால் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் நீளும்! அகலமோ மயிரிழை அளவினது. 1958 முதல் விற்பனைக்கு வந்த இரட்டையொலித் தட்டுகளில், சாலின் ஒரு சுவரில் இடப்பக்கத்து ஒலியும் மறு சுவரில் வலப்பக்கத்து ஒலியும் நெளிவுகளாகப் பதிந்திருக்கும். முள் அச்சாலில் ஓடும்போது நெளிவுகளுக்கேற்ப நடுங்குகிறது. அந்த நடுக்கமே மின்னலைகளாகிப் பின் இசையாகிறது. முள்ளுக்கு நெளிவு இன்னது, கீறல் இன்னது, தூசி இன்னது என்று பிரித்தறியும் அறிவு கிடையாது. சாலில் எது கிடந்தாலும் அதனையும் இசையென்றே எண்ணி ஒலித்துவிடும். சாலுக்குப் புறம்பாக எது நேர்ந்தாலும் முள் அதனைப் பொருட்படுத்தாது. இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக் கொண்டால், இனி நான் கூறப்போவன யாவும் எளிதில் விளங்கும்.

நிற்க. திரும்பி வந்த தட்டு கிடங்கிற்குச் சென்றதும் அதனைச் சோதிப்பவர் யார்? அவர் பாடகரும் அல்லர். இசைத்தட்டுச் சேகரிப்பவரும் அல்லர். காலையில் காலணியையும், நண்பகலில் சமையற் பாத்திரத்தையும், மாலையில் இசைத்தட்டையும் பார்வையிடும் ஒரு கிடங்கு ஊழியர். பெட்டி நசுங்கியுள்ளதா, மேலுறை பிரிந்துள்ளதா, உள்ளே பொருள் உள்ளதா என்று பார்த்து ஒரு தரத்தைக் குறித்துவிடுவார். தட்டைச் சுழலவிட்டுக் கேட்பது அவர் வேலைமுறையில் இல்லை. அதற்காக அவரைக் குறை கூறுவது முறையன்று. ஒரு நெடுந்தட்டின் இரு பக்கங்களையும் கேட்டு முடிக்க நாற்பது நிமிடங்கள் ஆகும். ஒரு மணி நேரத்தில் ஒருவர் ஒன்றரைத் தட்டைத்தான் சோதிக்க முடியும். அந்த ஊழியருக்குத் தரவேண்டிய கூலி, தட்டில் குறைக்கும் தொகையை விழுங்கிவிடும். ஆகவே கேளாமலே விற்பதுதான் வணிகருக்கு இலாபம்.

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உள்ளது. விலை ஏன் குறைந்தது? தட்டு கெட்டுவிட்டது என்பதனால் அன்று. கெட்டதோ கெடவில்லையோ என்று விற்பவருக்கே தெரியாது என்பதனால். அந்த அறியாமையின் விலைதான் நமக்குக் கிடைக்கும் தள்ளுபடி. விடைத்தாளின் முகப்பை மட்டும் பார்த்து மதிப்பெண் இட்டதற்கு ஒப்பானது அவர்கள் குறிக்கும் தரம். உள்ளே இருக்கும் விடையைப் படிக்கும் பொறுப்பு வாங்குபவர் தலையில் விழுகிறது. படிக்கத் தெரிந்தவருக்கு அது ஆதாயம், தெரியாதவருக்குச் சூதாட்டம்.

தரத்தைக் குறிக்கும் சொற்களிலேயே ஒரு பெருங்குழப்பம் இருப்பதை மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். அமேசான் நிறுவனம் திரும்பி வந்த பொருள்களை ‘அமேசான் வேர்ஹவுஸ்’ என்னும் பெயரில் நெடுங்காலம் விற்றது. பின்னர் அப்பிரிவுக்கு ‘அமேசான் ரீசேல்’ என்று பெயர் மாற்றியது. அங்கே ‘லைக் நியூ’, ‘வெரி குட்’, ‘குட்’, ‘ஆக்செப்டபிள்’ என்று நான்கு தரங்கள் உண்டு. அதாவது புதியது போன்றது, மிக நன்று, நன்று, ஏற்கத்தக்கது. வாளிக்கும் இவையே, இசைத்தட்டிற்கும் இவையே. பொருளின் வெளித்தோற்றத்தையும் பெட்டியின் நிலையையும் நோக்கி இடப்படும் சொற்கள் இவை.

இசைத்தட்டுச் சேகரிப்போர் உலகில் வேறொரு மொழி வழங்குகிறது. அமெரிக்காவில் 1974-இல் தொடங்கிய ‘கோல்ட்மைன்’ என்னும் இதழின் பெயரால் வழங்கும் தரவரிசை அது. அதில் முதலில் ‘மின்ட்’. அடுத்து ‘நியர் மின்ட்’. அதன்பின் ‘வெரி குட் பிளஸ்’. அதற்கும் கீழேதான் ‘வெரி குட்’ வருகிறது. அந்த வரிசைப்படி ‘வெரி குட் பிளஸ்’ தட்டிற்கு ‘நியர் மின்ட்’ தட்டின் விலையில் பாதியும், ‘வெரி குட்’ தட்டிற்குக் காற்பங்குமே மதிப்பு. மென்மையான இசைப்பகுதிகளில் இரைச்சல் தெளிவாகக் கேட்கும் தட்டையே அங்கு ‘வெரி குட்’ என்கின்றனர். வெறும் ‘குட்’ என்றால் அத்தட்டை ஏறக்குறையக் கைகழுவிவிட்டனர் என்று பொருள்! முப்பத்தைந்து ஆண்டுகள் மாணவர் ஏட்டில் ‘நன்று’ எழுதி வந்த எனக்கு, அச்சொல் இவ்வளவு தாழ்ந்த இடத்தில் வழங்குவது சற்று வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆகவே சேகரிப்போர் சந்தையில் பழகிய ஒருவர், இணையக் கிடங்கில் ‘வெரி குட்’ என்று கண்டால் ‘இரைச்சல் தட்டு’ என்று அஞ்சி ஒதுங்குவார். உள்ளே மேலுறை பிரிக்காத புத்தம் புதிய தட்டு, மூலை மட்டும் மடங்கிக் கிடக்கக்கூடும். கிடங்குச் சொல்லில் பழகிய வேறொருவர், சேகரிப்போர் சந்தையில் ‘வெரி குட்’ கண்டு மகிழ்ந்து வாங்கி, வீட்டிற்கு வந்ததும் மழை பெய்வதுபோன்ற ஒலியைக் கேட்டுத் திகைப்பார். ஒரே சொல், இரு சந்தை, இரு பொருள். 2000-ஆம் ஆண்டில் தோன்றிய ‘டிஸ்காக்ஸ்’ என்னும் இணையத்தளத்தில் தட்டிற்கு ஒரு தரமும் அதன் உறைக்கு வேறொரு தரமும் தனித்தனியே குறிப்பர். இது நல்ல முறை. உறையும் தட்டும் வேறு வேறு என்பதை அம்முறை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

இனி, தட்டு ஏன் திரும்பி வருகிறது என்பதைக் காண்போம். அனுப்பும்போது அட்டைப்பெட்டி பெரிதாகவும் தட்டு சிறிதாகவும் இருந்தால், வழியெல்லாம் ஆடி ஆடி உறையின் மூலை நசுங்கும்; தட்டின் விளிம்பு இடித்து உறையின் ஓரம் பிளக்கும். அலமாரியில் அழகாக அடுக்கி வைக்க விரும்புவோர் அதனைப் பொறுக்கமாட்டார், திருப்பிவிடுவர். பிறந்தநாள் பரிசாக ஒரே தட்டு இருவரிடமிருந்து வந்தால் ஒன்று திரும்பும். கருநிறத் தட்டை எதிர்பார்த்தவருக்குச் சிவப்பு நிறத்தட்டு வந்தாலும் திரும்பும். இவற்றில் எதுவும் சாலைத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். முள்ளுக்கு உறையின் மூலை தெரியாது. இத்தகைய தட்டு நமக்குக் கிடைத்தால் அது பேறு.

வேறு வகையும் உண்டு. தட்டு நெளிந்திருத்தல், தொழிற்சாலையில் சரியாக வார்க்கப்படாதிருத்தல், கீறல். இவற்றால் திரும்பியது நமக்கு வந்தால், முன்னவர் விட்ட தொல்லையைக் காசு கொடுத்து வாங்கியவராவோம்.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மூன்றாம் வகை ஒன்றும் இருக்கிறது, அதுதான் சுவையானது. தட்டில் பழுதே இராது. ஆனால் ‘முள் தாண்டுகிறது’ என்று திருப்பியிருப்பர். குற்றம் அவர் வைத்திருந்த மலிவான கருவியினுடையது. நன்கு அமைந்த கருவியில் முள் தட்டின்மேல் ஒன்றரை முதல் இரண்டு கிராம் எடையோடு அழுந்தும். அந்த எடை குறைந்திருந்தாலும், கருவி சாய்ந்திருந்தாலும், ஆழ்ந்த முழவொலி வரும் இடத்தில் முள் துள்ளிக் குதித்துவிடும். அதே தட்டைச் செம்மையான கருவியில் இட்டால் ஆற்றொழுக்காகப் பாடும். ‘பழுது’ என்று திரும்பியவற்றுள் இத்தகையனவும் உள.

வாங்குமுன் இவ்வகைகளைப் பிரித்தறிய வழியுண்டா? ஓரளவு உண்டு. இங்கிலாந்துச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2013-ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்படி, இணையத்தில் வாங்கிய பொருளை, காரணம் கூறாமலே 14 நாட்களுக்குள் வேண்டாமென்று மறுக்கலாம். ஆனால் முத்திரையிட்டு வந்த ஒலிப்பதிவுகளுக்கு அவ்விதியில் ஒரு விலக்கு இருக்கிறது: வாங்கியவர் முத்திரையைப் பிரித்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். பிரித்து, படியெடுத்துக்கொண்டு, திருப்பிவிடும் தந்திரத்தைத் தடுக்கவே அவ்விலக்கு என்பது வெளிப்படை. அதன்பின் பழுதுடையது என்று காட்டினால்தான் சட்டம் துணை நிற்கும். 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் பழுதான பொருளைத் தள்ளுவதற்கு 30 நாட்கள் தருகிறது. இதிலிருந்து நாம் ஊகிக்கக்கூடியது யாது? அந்நாட்டில் மேலுறை பிரியாமல் திரும்பிய தட்டு பெரும்பாலும் மனம் மாறியதால் திரும்பியது; பிரிந்து திரும்பிய தட்டின்மீது சற்று ஐயம் கொள்வது தகும். கடைக்காரர் பலர் சட்டம் வேண்டுவதைவிடத் தாராளமாக நடந்துகொள்வதால் இவ்வூகம் எப்போதும் பொருந்தாது. எனினும் ஒன்றுமறியாமல் வாங்குவதைவிட இது மேல். அமெரிக்காவில் இத்தகைய பொதுச் சட்டம் இல்லை. ஒவ்வொரு கடையும் தானே வகுத்த விதிதான் அங்கே சட்டம். ஆதலால் விதியைப் படித்தபின் பணத்தைச் செலுத்துதல் வேண்டும்.

பருவத்தையும் கருதுதல் நன்று. தட்டு செய்யப்பட்ட பொருள் 60, 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை நெருங்கினால் இளகத் தொடங்கும். அரிசோனா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் கோடை நண்பகலில் பூட்டி நிறுத்திய வண்டியின் உட்புறம் அந்த வெப்பத்தை எட்டிவிடும். திரும்பி வந்த தட்டோ வாங்கியவர் வீட்டிற்கு ஒரு முறை, கிடங்கிற்கு ஒரு முறை, நம் வீட்டிற்கு ஒரு முறை என மும்முறை வண்டியேறியது. மற்றவை ஒத்திருப்பின், நான் கோடையில் வாங்குவதைவிடக் குளிர்காலத்தில் வாங்குவதையே விரும்புவேன்.

தட்டு வந்துவிட்டது எனக் கொள்வோம். உடனே பாட்டுக் கேட்க உட்கார்ந்துவிடக் கூடாது. முதலில் எண்ணிப் பார்க்கவேண்டும். இரண்டு தட்டு இருக்கவேண்டிய உறையில் இரண்டும் உள்ளனவா? அடுத்து, உறையின்மேல் எழுதிய பெயரும் தட்டின் நடுத்தாளில் எழுதிய பெயரும் ஒன்றா? இது வேடிக்கையான கேள்வி போலத் தோன்றும். நியூயார்க் மாநிலத்தில் மேற்படிப்புப் படிக்கும் என் பழைய மாணவர் ஒருவர் எழுதிய மடலிலிருந்து ஒரு செய்தியைக் கூறுகிறேன். அவர் இரண்டு பொருள்களைத் தள்ளுபடியில் வாங்கினார். ஒன்று, பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளும் அடங்கிய எட்டுத் தட்டுப் பெட்டி. ‘ஏற்கத்தக்கது’ என்னும் கடைநிலைத் தரம். பெட்டியின் ஒரு மூலை யானை மிதித்ததுபோல் நசுங்கியிருந்ததாம். உள்ளே எட்டுத் தட்டும் பழுதில்லை. மற்றொன்று, ‘புதியது போன்றது’ என்னும் முதல் தரம் பெற்ற ஒற்றைத் தட்டு. உறை கண்ணாடி போல இருந்தது. உள்ளே இருந்ததோ வேறொரு பாடகரின் தேய்ந்துபோன பழந்தட்டு! யாரோ ஒருவர் புதுத் தட்டை எடுத்துக்கொண்டு, வீட்டில் கிடந்த பழையதை உறையில் இட்டுத் திருப்பியிருக்கிறார். கிடங்கில் உறையைப் பார்த்தனர்; தட்டைப் பார்க்கவில்லை.

இத்தகைய வஞ்சகம் நுண்ணியதாகவும் நடைபெறும். அதே இசையின் பழைய பதிப்பைப் புதுப்பதிப்பின் உறையில் இட்டிருந்தால் பெயர் ஒத்திருக்கும். அப்போது தட்டில் இசை முடிந்தபின், நடுத்தாளைச் சுற்றியுள்ள வழவழப்பான வளையத்தைப் பார்க்கவேண்டும். அங்கே எழுத்தும் எண்ணுமாகச் சில குறிகள் பொறிக்கப்பட்டிருக்கும். எந்த அச்சிலிருந்து அத்தட்டு வார்க்கப்பட்டது என்பதை அக்குறி காட்டும். முன் சொன்ன டிஸ்காக்ஸ் தளத்தில் பல பதிப்புகளின் குறிகளைத் தொகுத்து வைத்துள்ளனர்; ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பிறகு விளிம்பையும் நடுத்தாளையும் மட்டும் தொட்டு, தட்டை ஒரு விளக்கின்கீழ்ச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நடுத்துளையைச் சுற்றி மெல்லிய கோடுகள் பல இருப்பின், அது பலமுறை கருவியில் ஏறி இறங்கியது என்று பொருள். கம்பியைத் தேடித் தடவிய தடங்கள் அவை. மேற்பரப்பில் சிலந்தி நூல் போன்ற மெல்லிய வரிகள் தெரிந்தால் அஞ்ச வேண்டா. காகித உறை உரசியதால் நேர்ந்தவை அவை, பெரும்பாலும் ஒலிப்பதில்லை. நகத்தை மெல்ல வைத்தால் தட்டுப்படும் கீறல்தான் ஒலிக்கும் கீறல்.

அடுத்து நெளிவு. தட்டைச் சுழலவிட்டு, கண்ணை விளிம்பின் மட்டத்திற்குத் தாழ்த்திப் பார்க்கவேண்டும். மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் ஓரிரு மில்லிமீட்டர் நெளிவைப் பெரும்பாலான கருவிகள் தாங்கிக்கொள்ளும். சிறிய இடத்தில் திடீரென்று எழுந்து விழும் நெளிவு, உயரத்தில் குறைந்ததாயினும் தீயது; முள் அங்கே தூக்கி எறியப்படும். நெளிந்த தட்டை இரு கண்ணாடிப் பலகைகளுக்கிடையே வைத்து அடுப்பில் சூடாக்கி நிமிர்த்தலாம் என்று சிலர் அறிவுரை கூறுவர். அவர்கள் சொல்லைக் கேட்டுத் தட்டை இழந்தவர் பலர். திருப்பியனுப்பும் உரிமை கையில் இருக்கும்போது அடுப்பை நாடுவானேன்?

இதன்பின்னரே கேட்டல். எல்லாப் பக்கங்களையும் தொடக்கம் முதல் இறுதிவரை ஒருமுறை கேட்டுவிட வேண்டும். அதுவும் திருப்புவதற்குரிய நாட்கள் தீருமுன். தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போட்ட மாணவர்க்கு அந்த நாட்கள் காத்திரா. கேட்கும்போது கடிகாரம் ஒன்று அருகில் இருக்கட்டும். தட்டு நிமிடத்திற்கு 33⅓ முறை சுழல்வதால் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி ஆகும். ‘டக்’ என்னும் ஒலி சரியாக 1.8 நொடிக்கு ஒருமுறை வந்தால், அது சால்களைக் குறுக்கே வெட்டிய கீறல். ஒழுங்கின்றி அங்கொன்றும் இங்கொன்றுமாக வெடித்தால் அது தூசியாகவோ மின்னேற்றமாகவோ இருக்கலாம். காய்ச்சி வடித்த நீரும் மென்மையான தூரிகையும் கொண்டு, நடுத்தாள் நனையாமல் சால் ஓடும் திசையிலேயே துடைத்தால் அது பெரும்பாலும் நீங்கும். புதுத் தட்டிலும் காகிதத் தூசி இருப்பதுண்டு. ஆகவே துடைத்துப் பாராமல் ஒரு தட்டைப் பழுதென்று தீர்ப்புக் கூறலாகாது. (இடையில் ஓர் எச்சரிக்கை: சாராயம் கலந்த நீர்மத்தால் தட்டைத் துடைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் 78 சுற்றுத் தட்டுகள் கிடந்தால் அவற்றிடம் இதனைச் செய்துவிடாதீர்கள். சாராயத்தில் அரக்குக் கரையும்.)

துணியைக் கிழிப்பதுபோன்ற ஒலி ஒரே பக்கத்திலிருந்து சில நொடிகள் கேட்டால், வார்க்கும்போது பொருள் சாலின் சுவரை முற்றும் நிரப்பவில்லை என்று அறிக. எத்தனை முறை கழுவினாலும் அது போகாது. நீண்டு ஒலிக்கும் பியானோவோ வயலினோ 1.8 நொடிக்கு ஒருமுறை சுருதி ஏறி இறங்கினால், துளை நடுவில் அமையவில்லை. ஒரு மில்லிமீட்டர் விலகினாலே, மையத்திலிருந்து பத்துச் சென்டிமீட்டர் தொலைவில் சுருதி நூற்றுக்கு ஒன்று ஏறும். நூற்றுக்கு ஒன்று இறங்கும். மத்தளம் முழங்கும் பாட்டில் இது தெரியாமல் போகலாம். மெல்லிசையில் காது உறுத்தும். முள் தாண்டினால், தட்டைப் பழிக்குமுன் கருவியின் மட்டத்தையும் முள்ளின் எடையையும் சரிபார்க்க வேண்டும்.

இவ்வளவு உழைப்பும் தகுமா என்று கேட்பீர்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். புதுத் தட்டின் விலை 30 டாலர் என்றும், திரும்பி வந்ததற்கு நூற்றுக்கு முப்பது தள்ளுபடி என்றும் வைத்துக்கொள்வோம். ஒன்று 21 டாலர். நான்கு வாங்கினால் 84. நான்கில் ஒன்று கெட்டது என்று கொள்வோம். கெட்டதைச் செலவின்றித் திருப்பலாமெனில், மூன்று நல்ல தட்டில் 27 டாலர் மிச்சம். திருப்ப முடியாதெனில்? 84 டாலருக்கு மூன்று தட்டு; ஒன்றின் விலை 28 ஆகிவிட்டது. மிச்சம் தட்டுக்கு இரண்டே டாலர். தள்ளுபடி நூற்றுக்கு இருபதாக இருந்தாலோ, 96 டாலருக்கு மூன்று. ஒன்றின் விலை 32. புதியதையே வாங்கியிருக்கலாம்! தள்ளுபடி எவ்வளவு என்று எல்லாரும் பார்க்கின்றனர். திருப்பும் உரிமை உண்டா, திருப்பும் கூலி யாருடையது என்று பார்ப்போர் சிலரே. இக்கணக்கில் முன்னதைவிடப் பின்னதே பெரிது. ‘திருப்ப இயலாது’ என்று அறிவித்து மூட்டை மூட்டையாக விற்போரிடம் மாணவர் செல்லாதிருப்பது நலம்.

திருப்பும் உரிமையைப் பற்றிக் கூறியபின், திருப்புவோரைப் பற்றியும் கூறியாக வேண்டும். தட்டை வாங்கி, இசையைப் படியெடுத்துக்கொண்டு, ‘மனம் மாறிவிட்டது’ என்று திருப்புவோர் இருக்கின்றனர். அதனைச் சாமர்த்தியம் என்று பேசுவாரும் உளர். எனக்கு அது திருட்டாகவே தோன்றுகிறது. அந்த முப்பது டாலரை இழப்பது பெருவணிகர் மட்டுமல்லர். முள் ஏறி இறங்கிய தட்டைப் புதியது போன்றது என்று நம்பி அடுத்து வாங்குபவர், ஒருவேளை உங்களைப் போன்ற மற்றொரு மாணவராக இருப்பார். இன்னொரு தவறும் அறியாமல் நடைபெறுகிறது. தட்டில் பழுதைக் கண்டும், காரணம் எழுதச் சோம்பி, ‘வேண்டா’ என்னும் கட்டத்தில் குறியிட்டு அனுப்பிவிடுகின்றனர். கேட்டுப் பார்க்காத கிடங்கில் அந்தக் குறி ஒன்றுதான் தடயம். அது பொய்த்தால் பழுதான தட்டு மீண்டும் அலமாரிக்கு ஏறி, வேறொருவர் வீட்டிற்குப் புறப்பட்டுவிடும்.

மேற்சொன்ன மாணவர் தமக்கு வந்த பழந்தட்டைத் திருப்பும்போது, ‘உறை ஒன்று, தட்டு வேறு’ என்று பெரிய எழுத்தில் எழுதி உறையின்மேலேயே ஒட்டி அனுப்பினாராம். நெளிவானால் எந்த இடத்தில், எவ்வளவு உயரம். வார்ப்புக் குறையானால் எந்தப் பக்கம், எத்தனையாவது பாட்டு என்று ஓரிரு வரி எழுதினால் போதும். அனுப்பும் முறையிலும் கவனம் வேண்டும். தட்டை அட்டையுறைக்குள் வைத்து அனுப்பினால் வழியில் ஆடி, ஓரத்தைப் பிளந்துவிடும். உள்தாளோடு தட்டை வெளியே எடுத்து, அட்டையுறைக்குப் பின்னால் வைத்து, இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் பையில் இட்டு, முன்னும் பின்னும் தட்டைவிடச் சற்றே பெரிய கெட்டி அட்டைகளை வைத்து, அசையாமல் கட்டி அனுப்புதல் வேண்டும். பழைய தட்டு விற்கும் நல்ல வணிகர் அனைவரும் அவ்வாறே அனுப்புகின்றனர்.